கட்டடம் போதும் ஐயா, கரண்ட் பில் கட்ட வழி செய்யுங்கள்

எங்கள் ஊர்ப் பஞ்சாலை முதலாளி ஐயா அவர்களுக்கும், அவருடைய நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியைப் பார்க்கிற சி.எஸ்.ஆர். குழுவில் இருக்கிறவர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற மாதம் எங்கள் கல்லூரி ஆண்டு விழாவில் நீங்கள் மைக்கைப் பிடித்து, மூன்று கோடி ரூபாயில் ஏ.சி. கலையரங்கம் கட்டித் தருவதாக அறிவித்தபோது, நாலாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டினவர்களில் நானும் ஒருவன். மனசாரத்தான் தட்டினேன். ஊரில் பணம் உள்ளவர்கள் எத்தனையோ பேர். கல்லூரிக்கு என்று வாய் திறந்தவர் நீங்கள் ஒருவர்தான். வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் தூக்கம் வரவில்லை. அந்த அரங்கத்துக்கு வரப்போகிற மின்கட்டணம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

நான் அந்தக் கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, 34 வருஷம் வேலை பார்த்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். இதை எழுதுவது செயலருக்கும் தெரியாது, முதல்வருக்கும் தெரியாது. தெரிந்தால் தடுப்பார்கள். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். மன்னிக்க வேண்டும், நான் பல்லைத்தான் பார்க்கப் போகிறேன். தனியாக எழுதிப் போட்டால் உங்கள் மேலாளர் மேஜையோடு நின்றுவிடும் என்ற பயத்தால் எல்லோரும் பார்க்க எழுதுகிறேன். உங்களைப் போலக் கொடுக்க நினைக்கிற மற்றவர்களும் படித்தால் நல்லதுதானே.

நூலகத்துக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் பிளாக் இருக்கிறது. விழாவன்று உங்களை அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வேறொரு கொடையாளி கட்டிக் கொடுத்தது. அறுபது கம்ப்யூட்டர், நாலு ஏ.சி., தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பிள்ளைகள் கோயிலுக்குள் போகிற மாதிரி போவார்கள். மூன்று வருஷம் நன்றாக ஓடியது. நாலாம் வருஷம் யு.பி.எஸ். பேட்டரிகள் உப்பிப் போயின. மாற்றுவதற்குக் கொட்டேஷன் வாங்கினோம். தொகையைப் பார்த்துவிட்டுக் கோப்பிலேயே வைத்துவிட்டோம். கொடுத்த நிறுவனத்துக்கு எழுதினோம். திட்டம் முடிந்து நிறைவு அறிக்கையும் போய்விட்டது, அந்தத் தலைப்பில் இனி ஒதுக்கீடு இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் மேலும் தப்பில்லை. கட்டுவதாகச் சொன்னார்கள், கட்டினார்கள்.

பேட்டரி இல்லாமல் ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் ஒரு மெஷின், இரண்டு மெஷின் என்று படுத்தது. ‘மறு உத்தரவு வரும்வரை குளிர்சாதனக் கருவிகளை இயக்க வேண்டாம்’ என்ற சுற்றறிக்கையை நானேதான் டைப் அடித்தேன். மறு உத்தரவு வரவே இல்லை. நான் ஓய்வு பெறும்போது ஓடிக்கொண்டிருந்தவை 22. மற்றதன் மேலெல்லாம் பழைய பேனர் துணியைப் போர்த்தி வைத்திருந்தோம். வாசலில் கொடையாளி பெயர் பொறித்த பித்தளைத் தகடு மட்டும் பளபளவென்று இருக்கும். ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் வாட்ச்மேன் புளி போட்டுத் தேய்ப்பார்.

மில் நடத்துகிற உங்களுக்கு நான் கணக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். ஆனாலும் சொல்கிறேன். ஏ.சி. அரங்கம் என்றால் மின் இணைப்பின் அளவைக் கூட்ட வேண்டும். கூட்டினால் விளக்குப் போட்டாலும் போடாவிட்டாலும் நிலைக் கட்டணம் மாதாமாதம் வரும். அரங்கம் என்றைக்குத் திறக்கும்? ஆண்டு விழா, பட்டமளிப்பு, நாலைந்து கருத்தரங்கு. எண்ணிப் பார்த்தால் வருஷத்தில் பன்னிரண்டு நாள். மீதி நாளெல்லாம் பூட்டிக் கிடக்கும் இடத்தைக் கூட்ட ஒரு ஆள், கழிவறைக்கு ஒரு ஆள், ஜெனரேட்டருக்கு டீசல். கட்டின செலவில் நூற்றுக்கு இரண்டு பங்கு வருஷா வருஷம் பராமரிப்புக்குப் போகும் என்று வைத்துக்கொண்டாலே ஆறு லட்சம். அந்த ஆறு லட்சம் எங்கிருந்து வரும் என்று மேடையில் ஒருவரும் கேட்கவில்லை. நீங்கள் நூல் நூற்கிற ரிங் பிரேம் ஒன்று வாங்கும்போது அதை ஓட்டுகிற ஆளையும் பஞ்சையும் யூனிட்டையும் உதிரிபாகத்தையும் சேர்த்துக் கணக்குப் போடாமல் வாங்குவீர்களா? நடைமுறை மூலதனம் இல்லாமல் மூடின மில்களை உங்களுக்குத் தெரியும். கல்லூரியும் அதே மாதிரிதான் ஐயா மூடும். கட்டடம் நிற்கும்.

எங்களுடையது அரசு உதவி பெறும் கல்லூரி. வெளியே இருக்கிறவர்கள் ‘எய்டட் காலேஜ், சம்பளமெல்லாம் கவர்மென்ட் கொடுக்கிறது, அவர்களுக்கு என்ன குறை’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அரசு கொடுப்பது அனுமதித்த பணியிடத்துக்குச் சம்பளம். அந்தப் பணியிடத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் நிரப்ப அனுமதி வரவேண்டும். அனுமதி வரும்வரை அந்த நாற்காலிக்கு ஆளும் இல்லை, சம்பளமும் இல்லை. பாடம் நடத்த வேண்டுமே என்று நிர்வாகம் தன் கைக்காசில் ஒருவரை வைக்கும். கையில் காசு ஏது? செல்ஃப் பைனான்ஸ் பிரிவில் பிள்ளைகள் கட்டுகிற கட்டணம்தான். மதிய ஷிப்டில் படிக்கிற ஏழைப் பிள்ளையின் காசில் காலை ஷிப்டுக்கு வாத்தியார். இந்த ஏற்பாட்டை நான் 34 வருஷமும் கணக்கில் எழுதி எழுதி வெட்கப்பட்டிருக்கிறேன்.

ஆசிரியர் இல்லாதது நாலு பேருக்குத் தெரியும். லேப் அட்டெண்டர் இல்லாதது யாருக்கும் தெரியாது. வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் ஒருவர் இருந்தார். காலை எட்டரைக்கு வந்து கேஸ் வால்வைச் சோதிப்பார். பியூரெட் முனை உடைந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். கரைசல்களுக்குத் தேதி எழுதி ஒட்டுவார். அமிலம் தெறித்த பையனைத் தண்ணீர்க் குழாய்க்கு இழுத்துக்கொண்டு ஓடியதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அவர் ஓய்வு பெற்ற பின் அந்த இடம் நிரப்பப்படவே இல்லை. இப்போது பாடம் நடத்துகிற உதவிப் பேராசிரியையே கரைசல் தயாரித்து, குடுவை கழுவி, வகுப்பும் எடுக்கிறார். மூன்று மணி நேர செய்முறை வகுப்பில் ஒன்றேகால் மணி நேரம் தயாரிப்பிலேயே போகிறது. இருபது சோதனைகள் செய்ய வேண்டிய பிள்ளைகள் பதினொன்று செய்கிறார்கள். மீதி ஒன்பதையும் ரெக்கார்டு நோட்டில் மட்டும் செய்கிறார்கள். ஒரு லேப் அட்டெண்டரின் ஒரு வருஷச் சம்பளம், நீங்கள் அரங்கத்துக்குப் போடப்போகிற நாற்காலியில் இரண்டு வரிசைக்கு ஆகாது.

இனி நோட்டு விஷயம். இதைப் பொதுவில் எழுதலாமா என்று ரொம்ப யோசித்தேன்.

எங்கள் அலுவலகக் கவுண்டருக்கு உள்பக்கம், மூன்றாவது இழுப்பறையில் ஒரு நீல அட்டை நோட்டு உண்டு. எங்களுக்குள் அதற்குக் ‘கைமாத்து நோட்டு’ என்று பெயர். எனக்கு முன்னால் இருந்தவர் ஆரம்பித்தது. பரீட்சைக் கட்டணம் கட்டுகிற கடைசி நாள், சாயங்காலம் மூன்று மணிக்கு மேல், ஜன்னலுக்கு வெளியே கூட்டம் கலைந்த பிறகு, ஒரு ஐந்தாறு பிள்ளைகள் தூண் மறைவில் நிற்கும். கூப்பிட்டால்தான் வரும். அபராதம் இல்லாமல் கட்டினால் ஆயிரத்துச் சொச்சம். அதில் ஐந்நூறு, அறுநூறு கையில் இருக்கும், பாக்கி இருக்காது. பூக்கட்டி விற்கிறவர் மகள் ஒருத்தி பத்து ரூபாய்த் தாள்களாக அடுக்கிக் கொண்டுவந்தாள். தாளெல்லாம் ஈரம், மல்லிகை வாசனை. இருநூற்று நாற்பது குறைந்தது. பெயர், வகுப்பு, தொகை என்று நோட்டில் எழுதிவிட்டு எங்களில் யாராவது சட்டைப்பையிலிருந்து போட்டு ரசீது போட்டுவிடுவோம். கட்டாவிட்டால் பரீட்சை எழுதுகிறவர்கள் பட்டியலான நாமினல் ரோலில் பெயர் போகாது, ஹால் டிக்கெட் வராது, ஒரு செமஸ்டர் போய்விடும். செமஸ்டர் போனவர்களில் திரும்பி வராதவர்கள் உண்டு. பையன் உங்கள் மில்லிலேயேகூட வேலைக்குச் சேர்ந்திருக்கலாம்.

கொடுத்தது திரும்பி வந்ததா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வந்துவிட்டது. ஐந்து வருஷம் கழித்து, வேலை கிடைத்துக் கல்யாணப் பத்திரிகையோடு வந்து கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். வராததற்கு எதிரே ஒரு புள்ளி வைப்போம், அவ்வளவுதான். 2022இல் புதுமைப் பெண் திட்டம் வந்து, அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வங்கிக்கணக்கில் விழத் தொடங்கிய பிறகு நோட்டில் பெண்பிள்ளைகள் பெயர் குறைந்தது. பிறகு பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. அதையெல்லாம் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் நோட்டு இன்னும் மூடவில்லை. மூன்று குமாஸ்தாக்களின் சட்டைப்பையை நம்பி ஒரு கல்லூரியின் தேர்ச்சி விகிதம் நிற்பது நியாயமா சொல்லுங்கள்.

நீங்கள் பேசும்போது வள்ளல் அழகப்பரைச் சொன்னீர்கள். சந்தோஷமாக இருந்தது. அவரை நினைக்காமல் இந்தப் பக்கம் யாரும் கல்லூரிக்குக் காசு கொடுக்க முடியாது. 1947இல் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், வசதி படைத்தவர்கள் கல்லூரி தொடங்க முன்வர வேண்டும் என்று கேட்க, அங்கேயே எழுந்து காரைக்குடியில் தொடங்குகிறேன் என்று சொன்னவர் அழகப்பச் செட்டியார். அதே ஆண்டில் கல்லூரி தொடங்கியும் விட்டது. அடுத்த வருஷம் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பர் கொடுத்தது. 1957இல், 48 வயது நிறையும் முன்பே காலமாகிவிட்டார். பத்தே வருஷத்தில் ஒரு வறண்ட ஊரைப் படிப்பு ஊராக்கிவிட்டுப் போனார்.

ஆனால் ஐயா, அவர் காலத்தில் அங்கே கல்லூரியே இல்லை. கூரை இல்லாத இடத்தில் கூரை போட்டார். எங்களிடம் கூரை இருக்கிறது. கூரைக்குக் கீழே ஆள் இல்லை. அழகப்பர் மாதிரி செய்வது என்றால், அவர் கட்டினதைத் திரும்பக் கட்டுவதா, அவர் பார்த்த மாதிரி இன்றைக்கு எது இல்லை என்று பார்ப்பதா?

எனக்கு அதிகமாகப் பிடித்த கதை கோயம்புத்தூர்க் கதை. பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் மகன்கள் நாலு பேர். 1926இல் சொத்தைப் பாகம் பிரித்தபோது நாலாகப் பிரிக்காமல் ஐந்தாகப் பிரித்தார்கள். ஐந்தாவது பாகம் தர்மத்துக்கு. அதிலிருந்து வந்ததுதான் பி.எஸ்.ஜி. அறநிலையமும், பின்னால் அதன் கல்லூரிகளும். தர்மத்தையும் கூடப்பிறந்த ஒரு அண்ணன் தம்பியாக உட்காரவைத்துப் பங்கு கொடுத்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தால் கொடுக்கிறது வேறு. பங்கு என்று எழுதிவிட்டால், வியாபாரம் டல்லடிக்கிற வருஷமும் அந்தப் பங்கு அங்கேயே இருக்கும்.

சிவகாசியில் அய்ய நாடார் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். 1963இல் அவரால் ஊருக்கு ஒரு கல்லூரி வந்தது. மதுரையில் கருமுத்து தியாகராசச் செட்டியார் பஞ்சாலைக்காரர், உங்கள் தொழில். 1949இல் கலைக்கல்லூரி, 1957இல் பொறியியல் கல்லூரி. நம் ஊர்ப்பக்கம் இது புதிதில்லை.

தெளிவாக எழுதிவைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே கதை இருக்கிறது. பச்சையப்ப முதலியார் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தது 1794இல். பணம் வழக்கில் சிக்கியது. நீதிமன்றம் தலையிட்டு, அறக்கட்டளையில் உபரியாக நின்ற பணத்தைப் படிப்புக்குத் திருப்பி, பள்ளிக்கூடம் திறந்தது 1842இல். 48 வருஷம். கல்லூரியானது 1889இல். சிதம்பரத்தில் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் தொடங்கின மீனாட்சி கல்லூரி 1929இல் பல்கலைக்கழகமே ஆகி உலகப் புகழ் பெற்றது. அதுவும் நிதி நெருக்கடி முற்றி, 2013இல் அரசே சட்டம் போட்டு நிர்வாகத்தை ஏற்க வேண்டி வந்தது. யானைக்கே அந்தக் கதி என்றால் எங்களைப் போன்ற ஆட்டுக்குட்டியை நினைத்துப் பாருங்கள்.

சி.எஸ்.ஆர். குழுவில் இருக்கிறவர்கள் இனி கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் 135ஆம் பிரிவின்படி, முந்தின மூன்று வருஷ நிகர லாபச் சராசரியில் இரண்டு சதவீதத்தை நீங்கள் செலவழிக்க வேண்டும். வருஷம் முடிவது மார்ச் 31. பிப்ரவரி கடைசியில் எங்கள் அலுவலகத் தொலைபேசி அடிக்கும். ‘உங்களுக்கு என்ன வேண்டும்? பத்து லட்சத்துக்குள், மார்ச்சுக்குள் பில் வந்துவிட வேண்டும்’ என்பார்கள். மூன்று வாரத்தில் பில் வரக்கூடியது எது? புரொஜெக்டர். ஸ்மார்ட் போர்டு. ஆர்.ஓ. மெஷின். எங்களிடம் ஆர்.ஓ. மெஷின் ஐந்து இருக்கிறது. ஃபில்டர் மாற்றக் காசில்லாமல் இரண்டுதான் ஓடுகிறது. கொடுத்தவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்கும் மேலே ஒருவர் இருப்பார், அவருக்கு ஒரு படிவம் இருக்கும்.

ஆனால் சட்டம் அவ்வளவு மோசமில்லை. ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு தீர்மானம் போட்டால், தொடங்கின நிதியாண்டு போக இன்னும் மூன்று வருஷத்துக்கு நடத்தலாம். அந்த வருஷம் செலவாகாத பணத்தை முப்பது நாளுக்குள் தனிக் கணக்கில் போட்டுவைத்து அதிலிருந்து செலவழிக்கலாம். ஒரு லேப் அட்டெண்டர், ஒரு கணினிப் பராமரிப்பாளர், நூலகத்துக்கு ஒரு உதவியாளர், மூன்று பேருக்கும் நாலு நிதியாண்டுச் சம்பளம் என்று ஒரு திட்டம் எழுதுங்கள். எதற்கெல்லாம் செலவழிக்கலாம் என்று சட்டம் பட்டியல் போடுகிற அட்டவணை ஏழிலேயே கல்வியை வளர்ப்பது இருக்கிறது. உங்கள் ஆடிட்டர் முதலில் ‘சம்பளமா?’ என்று புருவத்தை உயர்த்துவார். கல்லூரியில் சம்பளம்தான் ஐயா கல்வி. சுவர் பாடம் நடத்தாது.

சட்டத்தில் ஒரு இடம் மட்டும் கதவை அடைத்துவிட்டது. 2021 ஜனவரியிலிருந்து, ஓர் அமைப்பின் முதல்தொகைக்கு, கார்பஸ் என்கிறார்களே அதற்கு, கொடுக்கிற பணம் சி.எஸ்.ஆர். செலவாகக் கணக்கில் வராது. அதாவது கம்பெனிப் பணத்தில் மரம் வாங்கலாம், பழம் வாங்கலாம், விதை போட முடியாது. காரணம் புரிகிறது, அறக்கட்டளையில் போட்டுப் பூட்டிவைத்துவிட்டுச் செலவு செய்ததாகக் காட்டின கெட்டிக்காரர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் எங்களைப் போன்ற சின்னக் கல்லூரிக்கு உண்மையில் வேண்டியது அந்த முதல்தொகைதான். அதனால்தான் குழுவை விட்டுவிட்டு உங்கள் பக்கம் திரும்புகிறேன், ஐயா.

அது உங்கள் சொந்தப் பணத்திலிருந்து வரவேண்டும். கம்பெனி லாபத்தில் இரண்டு சதவீதம் சட்டம் கேட்பது. அதைக் கொடுத்தால் நீங்கள் சட்டத்தை மதிக்கிறவர், அவ்வளவுதான். ஐந்தாவது பாகம் கேட்க எனக்கு அருகதை கிடையாது. ஒரு கோடி. உங்கள் கைப்பட ஒரு கடிதம்: ‘இது முதல்தொகை. இதைத் தொடக்கூடாது. வட்டியை மட்டும் இன்னின்னதுக்குச் செலவழிக்க வேண்டும்.’ ஏழு சதவீதம் என்று வைத்துக்கொண்டால் வருஷம் ஏழு லட்சம். ஏழையும் சாப்பிட்டுவிடக் கூடாது, விலைவாசி ஏறும். நாலரையைச் செலவழித்து, மீதி இரண்டரையை முதலோடு சேர்த்துக்கொண்டே வந்தால், உங்கள் பேரன் காலத்திலும் அது கல்லூரிக்குச் சோறு போடும். அந்த நாலரை லட்சத்தில் நீல நோட்டை மூடிவிடலாம், பேட்டரி மாற்றலாம், பியூரெட் வாங்கலாம். மின்கட்டணத்திலும் ஒரு பகுதி. இப்படி மின்கட்டணத்துக்கு நன்கொடை கொடுத்ததாக எந்தப் பத்திரிகையிலும் போட்டோ வராது என்பது எனக்குத் தெரியும். அதைத்தான் கேட்கிறேன்.

அரங்கத்தை மொத்தமாகக் கைவிடச் சொல்லவும் இல்லை. மேடையில் சொன்ன சொல். கட்டித்தான் ஆகவேண்டும் என்றால் ஏ.சி.யை எடுத்துவிட்டு, உயரமான கூரையும் ஜன்னலுமாக, நாற்காலியை அடுக்கி வைத்தால் பரீட்சை ஹாலாகவும் ஆகிற மாதிரி பாதிச் செலவில் கட்டலாம். எங்கள் கல்லூரியில் பரீட்சை சமயத்தில் பிள்ளைகள் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். மழைச்சாரல் அடித்தால் விடைத்தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு ஹால் வருஷத்தில் அறுபது எழுபது நாள் திறந்திருக்கும்.

கேட்கக் கஷ்டமாக இருந்தாலும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உதவித்தொகை கொடுத்தால் மேடையில் கொடுக்காதீர்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, காசோலைப் படத்தைப் பெரிய அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்து, போட்டோக்காரர் ‘கொஞ்சம் சிரிம்மா’ என்பார். நான் பார்த்திருக்கிறேன். அடுத்த வருஷம் அதே உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கச் சொன்னபோது, ‘வேண்டாம் சார், போட்டோ எடுப்பாங்க’ என்று போன பெண்ணையும் பார்த்திருக்கிறேன். அவள் அப்பா உங்களிடம் வேலை பார்க்கிறவர்.

கொடுத்தவர் கை எதுவரை நீளலாம் என்பதையும் முதலிலேயே பேசிவிடுவது நல்லது. கோவையில் ஜி.டி. நாயுடு பெரிய மேதை. 1945இல் அங்கே தொழில்நுட்பக் கல்லூரி வந்ததற்கு அவர்தான் காரணம். இன்றைக்கு அது அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இத்தனை வருஷம் எதற்கு, குறைந்த காலத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடலாமே என்று அவர் வாதாடினார். அரசு ஒத்துக்கொள்ளவில்லை, விலகிக்கொண்டார். அவர் சொன்னதில் சரக்கு இருந்தது என்பது என் கட்சி. ஆனாலும் கல்லூரி அவரோடு நிற்காமல் ஓடியது பாருங்கள், அதுதான் அவர் போட்ட அஸ்திவாரத்தின் பலம். நீங்கள் பாடத்திட்டத்தைப் பற்றிப் பேசலாம், மில்லில் என்ன தெரிந்தவர்கள் தேவை என்று சொல்லலாம், பிள்ளைகளை வரவழைத்து ஒரு மாதம் வேலை கற்றுக் கொடுக்கலாம். நியமனத்தில் தலையிட வேண்டாம். ‘நம்ம ஆள் ஒருத்தர்’ என்ற தொலைபேசி ஒரே ஒரு முறை வந்தால் போதும், அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு நியமனத்திலும் உங்கள் பெயரைச் சொல்லி யாராவது காசு பார்ப்பார்கள். நீங்கள் சொல்லாமலே பார்ப்பார்கள்.

பெயர் வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பித்தளைத் தகடு வையுங்கள். புளி போட்டுத் தேய்க்க ஆள் இருக்கிறார்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் மூடி மறைக்கக் கூடாது. கொடுக்கிறவர்கள் கட்டடமாகவே கொடுப்பதற்குக் காரணம், கட்டடம் கண்ணுக்குத் தெரியும், பணம் தெரியாது. கல்லூரி நிர்வாகங்கள் மேல் அந்த நம்பிக்கை இல்லாமல் போனதற்குக் காரணம் நாங்களேதான். நூலகத்துக்கென்று வந்த பணத்தில் கார் டயர் மாற்றின காலமும் உண்டு. அந்த வவுச்சரில் சுருக்கொப்பம் போட்டவனும் நான்தான். அன்றைக்கு எழுந்து மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. அதனால் உங்களிடம் ‘எங்களை நம்புங்கள்’ என்று சொல்ல மாட்டேன். தனி வங்கிக் கணக்கு வையுங்கள். கையெழுத்து மூன்று பேர்: முதல்வர், உங்கள் தரப்பில் ஒருவர், பழைய மாணவர் ஒருவர். வருஷம் ஒருமுறை வெளி ஆடிட்டர். வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லுங்கள், பிள்ளைகள் படிக்கிற உயரத்தில். கல்லூரிப் பிள்ளைகள் மாதிரி ஆடிட்டர் கிடையாது. டீ செலவு முதற்கொண்டு கேள்வி கேட்பார்கள்.

இந்தப் பருவத்துக்கான பரீட்சைக் கட்டணக் கடைசித் தேதி இன்னும் அறிவிக்கவில்லை. வழக்கமாகப் பத்து நாள் முன்னால்தான் சொல்வார்கள். அந்த நாள் சாயங்காலம் மூன்று மணிக்கு நீங்கள் வரமுடியுமா? காரை வெளியே நிறுத்திவிட்டு, கூட யாரும் வராமல், பொன்னாடை மாலை எதுவும் இல்லாமல். என் இடத்தில் இப்போது இருக்கிற அம்மாவிடம் சொல்லி, கவுண்டருக்கு உள்பக்கம் ஒரு நாற்காலி போட்டுவைக்கச் சொல்கிறேன். வெளியே நிற்கிறவர்களுக்கு நீங்கள் யார் என்று தெரியாது. மூன்றாவது இழுப்பறை உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும். கொஞ்சம் இறுக்கமாக இருக்கும், தூக்கி இழுக்க வேண்டும்.

இப்படிக்கு,
அந்தக் கல்லூரியில் படித்து, அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்ற
ஒரு பழைய கண்காணிப்பாளர்